டாக்டரைப் பார்க்கக் கட்டணமும் ஊர்தோறும் பரிசோதனையும் - ஜப்பான் கற்ற பாடம்

மருத்துவரைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் நோயாளி ஒரு சிறு தொகை கட்ட வேண்டும் என்று வைத்தால் பொது மருத்துவம் மேம்படுமா? இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் வெகுகாலமாக உண்டு. "சும்மா கிடைத்தால் தும்மலுக்கும் டாக்டரைத் தேடி வருவார்கள், உண்மையான நோயாளி வரிசையில் காத்துக் கிடப்பான், அதனால் ஒரு தொகை வாங்கத்தான் வேண்டும்" என்பது ஒன்று. "ஏழை அந்தத் தொகைக்குப் பயந்து நோயை மறைத்து வைப்பான், முற்றிய பிறகு வருவான், அப்போது செலவு பத்து மடங்காகும்" என்பது மற்றொன்று.

இதோடு சேர்ந்து வருவது இன்னொரு கேள்வி. நோய் வந்த பிறகு பார்ப்பதை விட, எல்லோரையும் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து விட்டால் என்ன? வருமுன் காப்பது நல்லது என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அது எப்போதும் உண்மைதானா?

இந்த இரண்டையும் ஒரே சட்டத்தில் கொண்டு வந்த நாடு ஜப்பான். 1982ல் நிறைவேறி 1983 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த முதியோர் சுகாதாரச் சட்டம், ஒரு பக்கம் முதியவர்களுக்கு இலவசமாக இருந்த மருத்துவத்துக்குக் கட்டணம் வைத்தது. மறுபக்கம் 40 வயது தாண்டிய எல்லோருக்கும் உடல் பரிசோதனையைக் கொண்டு வந்தது. இந்தச் சட்டத்தின் வேர் தோக்கியோவில் இல்லை, இரண்டு மலைக் கிராமங்களில் இருக்கிறது. அந்தக் கதையை முதலில் பார்ப்போம்.

கவுண்ட்டரில் பாதிப் பணம்

ஜப்பானில் கிராம மக்களுக்கான தேசிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் முதலில் 1938ல் வந்தது. போருக்குப் பிறகு 1958ல் அதைப் புதிதாக எழுதினார்கள். 1961 ஏப்ரலில் நாட்டில் உள்ள அனைவரும் ஏதாவது ஒரு மருத்துவக் காப்பீட்டுக்குள் வந்து விட்டார்கள். இது பெரிய சாதனைதான். ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர் தன் சிகிச்சைக்குக் கையிலிருந்து கொடுப்பது மிகக் குறைவு. விவசாயியும் சிறு வியாபாரியும் இருந்த தேசியக் காப்பீட்டிலோ சிகிச்சைச் செலவில் பாதியை நோயாளியே கொடுக்க வேண்டும். அதையும் சிகிச்சை முடிந்ததும் மருத்துவமனைக் கவுண்ட்டரிலேயே கட்ட வேண்டும் என்று புதிய சட்டம் சொன்னது.

விவசாயியின் கையில் பணம் புழங்குவது அறுவடைக்குப் பிறகுதான். நடவு நேரத்தில் நெஞ்சு வலித்தால் அவர் என்ன செய்வார்? பொறுத்துக் கொள்வார்.

இதை அப்போதே கவனித்தவர் வகாத்சுகி தோஷிகாசு என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். 1910ல் தோக்கியோவில் பிறந்தவர், தோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். போர்க்காலத்தில் அரசின் சந்தேகத்துக்கு ஆளாகிக் காவலில் இருந்தவர். போர் முடியும் தறுவாயில், 1945ல், நாகானோ மாகாணத்தின் மலைப்பகுதியில் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமான சாக்கு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். நோயாளிகள் வரும்போது நோய் கைமீறிப் போயிருப்பதை அவர் திரும்பத் திரும்பக் கண்டார். அதனால் தன் குழுவோடு கிராமங்களுக்கே போய் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். வைத்தியம் முடிந்ததும் மருத்துவர்களும் செவிலியர்களும் வேஷம் கட்டி நாடகம் போட்டு, சுகாதாரத்தைப் பற்றிச் சொல்வார்கள். பிரசங்கத்தை விட நாடகம் நன்றாகவே எடுபட்டது.

வகாத்சுகி கிராமங்களில் ஒளிந்திருக்கும் நோய்களை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, "பொறுத்துக் கொள்ளும்" வகை. நோய் இருப்பது நோயாளிக்குத் தெரியும். பணம் இல்லை, வேலை இருக்கிறது, ஊர் என்ன சொல்லுமோ என்று சகித்துக் கொண்டு கிடப்பார். மற்றது, "தெரியாமல் இருக்கும்" வகை. ரத்தக் கொதிப்பு போல, வலியோ அறிகுறியோ இல்லாமல் உள்ளேயே வளர்வது.

இந்தப் பிரிவைப் புரிந்து கொண்டால் மேலே கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்து விடும். கவுண்ட்டரில் வாங்கும் கட்டணம் முதல் வகையை அதிகமாக்கும். பரிசோதனை இரண்டாம் வகையை வெளியே கொண்டு வரும்.

யாச்சிஹோ கிராமத்தின் கையேடு

சாக்குவுக்கு அருகில் யாச்சிஹோ என்ற கிராமம். கவுண்ட்டரில் பணம் கட்டும் முறைக்கு எதிர்ப்பு கிளம்பிய இடங்களில் அதுவும் ஒன்று. மக்கள் மருத்துவரிடம் வரத் தயங்குவார்கள் என்பது கிராமத் தலைவருக்கும் வகாத்சுகிக்கும் இருந்த கவலை. சட்டத்தை மாற்ற அவர்களால் முடியாது. அப்படியானால், மக்கள் மருத்துவரிடம் வராவிட்டால் மருத்துவர் மக்களிடம் போகலாம் அல்லவா? 1959ல் யாச்சிஹோ முழுவதுக்கும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனை தொடங்கியது.

ஒவ்வொருவருக்கும் ஒரு சுகாதாரக் கையேடு கொடுத்தார்கள். ரத்த அழுத்தமும் மற்ற முடிவுகளும் அதில் ஆண்டுவாரியாகப் பதிவாயின. ஊர்க்காரர்களிலிருந்தே சுகாதார வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பரிசோதனை முடிந்ததும் கூட்டம் போட்டு முடிவுகளை விளக்கினார்கள். உப்பு போட்ட ஊறுகாயும் உப்பு மிகுந்த சூப்பும் குளிர்ந்த வீடும் சேர்ந்துதான் பக்கவாதத்தைக் கொண்டு வருகின்றன என்று சொன்னார்கள். குளிர்காலத்தில் வீட்டில் ஒரு அறையையாவது சூடாக வைத்திருக்கும் இயக்கம் நாகானோவில் நடந்தது. இந்தப் பணிகளுக்காக வகாத்சுகிக்கு 1976ல் ராமோன் மகசேசே விருது கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, பரிசோதனை ஒரு நாள் கூத்தாக நடக்கவில்லை என்பது. அதற்கு முன்னால் நாடகம் இருந்தது, பின்னால் கூட்டம் இருந்தது, பக்கத்தில் மருத்துவமனை இருந்தது, தெருவில் வழிகாட்டி இருந்தார்.

சவாவுச்சி: சட்டத்தை மீறிய இலவசம்

இரண்டாவது கிராமம் வடக்கே இவாத்தே மாகாணத்தில் இருக்கும் சவாவுச்சி. குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பனி மூடும். பாதை அடைபட்டு மாதக்கணக்கில் கிராமம் துண்டிக்கப்பட்டு விடும். பனி, நோய், வறுமை ஆகிய மூன்றும் கிராமத்தின் மூன்று சாபங்கள் என்று சொல்வார்கள். இறந்த பிறகு இறப்புச் சான்றிதழ் வாங்கத்தான் முதல்முறையாக மருத்துவரிடம் கொண்டு போவார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. 1957 வாக்கில் அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் 70 ஒரு வயதைத் தாண்டவில்லை.

1957ல் மசாவோ ஃபுகாசாவா கிராமத் தலைவரானார். அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று புல்டோசர் வாங்கிக் குளிர்காலப் பாதையைத் திறந்தது. பாதை இல்லாமல் மருத்துவமனை மட்டும் இருந்து என்ன பயன்? பிறகு சுகாதாரச் செவிலியர்களை நியமித்து வீடு வீடாக அனுப்பினார். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார். 1960ல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், 1961ல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சிகிச்சையை முழு இலவசமாக்கினார். நோயாளியின் பாதிப் பங்கைக் கிராமமே ஏற்றுக் கொண்டது.

மாகாண அதிகாரிகள் இது காப்பீட்டுச் சட்டத்துக்கு விரோதம் என்றார்கள். மக்கள் நலமாக வாழும் உரிமையை ஜப்பான் அரசியல் சட்டத்தின் 25வது பிரிவு உறுதி செய்கிறது, அதற்கு இது விரோதமில்லையே என்பது ஃபுகாசாவாவின் வாதம். 1962ல் சவாவுச்சியில் ஒரு குழந்தை கூட இறக்கவில்லை. குழந்தை இறப்பு விகிதம் பூஜ்யமான முதல் ஜப்பானிய கிராமம் அதுதான்.

ஃபுகாசாவா 1965 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். உடல் ஊருக்குத் திரும்பிய நாளில் கிராம மக்கள் பனியில் சாலையோரம் நின்று அவரை வரவேற்றார்கள். அந்தச் சாலை பனிக்காலத்தில் திறந்திருந்ததே அவரால்தான்.

1973: நாடு முழுதும் இலவசம்

சவாவுச்சி செய்ததை நகரங்கள் பின்தொடர்ந்தன. 1969ல் ஆளுநர் மினோபே ரியோகிச்சியின் நிர்வாகத்தில் தோக்கியோ 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவத்தை இலவசமாக்கியது. 1973 ஜனவரியில் மத்திய அரசும் அதைச் செய்தது. அந்த ஆண்டை "மக்கள்நலத்தின் முதல் ஆண்டு" என்றே அழைத்தார்கள். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்து பொருளாதாரத்தைத் தாக்கியது.

முதியவர்கள் மருத்துவமனைக்கு வருவது வேகமாகக் கூடியது. மருத்துவமனைக் காத்திருப்பு அறை கிழவர்களின் அரட்டை மன்றமாகி விட்டது என்று கேலி செய்தார்கள். கேலியில் உண்மை இருந்தாலும் முழு உண்மை இல்லை. வீட்டில் கவனிக்க ஆள் இல்லாத முதியவர்கள், முதியோர் இல்லங்கள் போதாத நிலையில், மருத்துவமனைப் படுக்கையிலேயே மாதக்கணக்கில் தங்கினார்கள். சமூகத்தின் குறையை மருத்துவமனை சுமந்தது. செலவு அரசின் கணக்கில் ஏறியது.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். சவாவுச்சியில் இலவசத்தோடு சேர்த்துப் பாதையும் செவிலியரும் பரிசோதனையும் வந்தன. 1973ல் நாடு முழுவதும் சென்றது இலவசம் மட்டும்தான்.

அதனால்தான் 1983ல் சட்டம் இரண்டு கைகளோடு வந்தது. ஒரு கையில் கட்டணம்: வெளிநோயாளிக்கு மாதம் 400 யென், உள்நோயாளிக்கு முதல் இரண்டு மாதங்களுக்கு நாள் ஒன்றுக்கு 300 யென். மறு கையில் 40 வயதிலிருந்து உடல் பரிசோதனையும் சுகாதாரக் கையேடும். இந்த இரண்டாவது பாதிக்கு முன்மாதிரியாக இருந்தது யாச்சிஹோதான். கவுண்ட்டர் கட்டணத்துக்கு மாற்று வழியாகப் பிறந்த ஒரு திட்டம், கட்டணத்தைத் திரும்பக் கொண்டு வந்த சட்டத்திலேயே இடம் பிடித்தது!

கட்டணம் என்ன செய்தது?

விலை ஏறினால் தேவை குறையும் என்பது பொருளியலின் முதல் பாடம். மருத்துவத்துக்கும் இது பொருந்துமா? பொருந்துகிறது. ஜப்பானில் பின்னாளில் 70 வயதைத் தொட்டதும் நோயாளியின் பங்கு 30 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறையும் ஏற்பாடு இருந்தது. பொருளியலாளர் ஹிதோஷி ஷிகேயோக்கா 2014ல் வெளியிட்ட ஆய்வில், 70 வயது ஆன உடனே வெளிநோயாளி வருகை சுமார் 10 சதவீதம் கூடுவதைக் காட்டினார். ஆனால் அதனால் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. முதியவர்களின் பணச்சுமை மட்டும் குறைந்தது.

அப்படியானால் கட்டணம் வாங்குவோர் சொன்னது சரிதானா? அவசரப்பட வேண்டாம். இதைப் பற்றிய மிகப் பெரிய சோதனை 1970களில் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் நடத்தியது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சிலருக்கு முழு இலவசம், மற்றவர்களுக்கு 25, 50, 95 சதவீதப் பங்கு என்று வைத்தார்கள். எந்தக் குடும்பமும் ஓட்டாண்டியாகி விடாதபடி ஆண்டுக்கு ஒரு உச்சவரம்பும் இருந்தது. 95 சதவீதம் கட்டியவர்கள், இலவசமாகப் பெற்றவர்களை விடச் சுமார் 30 சதவீதம் குறைவாகவே மருத்துவத்துக்குச் செலவிட்டார்கள். சராசரி மனிதரின் உடல்நலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்தின. முதலாவது, கட்டணம் வைத்தபோது தேவையற்ற வருகை மட்டும் குறையவில்லை, தேவையான வருகையும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. எது தேவை, எது தேவையில்லை என்று தெரிந்து கொள்ளத்தானே மனிதன் மருத்துவரிடம் போகிறான்! சோப்பு வாங்குபவருக்கு எந்த சோப்பு வேண்டும் என்று தெரியும். நெஞ்சு எரிச்சலா, மாரடைப்பா என்று நோயாளிக்குத் தெரியாது. சந்தை விதி இங்கே இடறுவது இதனால்தான். இரண்டாவது, ஏழைகளில் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இலவச மருத்துவம் தெளிவான நன்மை செய்தது. அவர்களின் ரத்த அழுத்தம் குறைந்தது, இறப்பு அபாயமும் சுமார் 10 சதவீதம் குறைந்தது.

இதில் இன்னொரு சுவையான முடிவும் உண்டு. அந்த நன்மையில் பெரும்பகுதியை, ஒரே ஒரு முறை ரத்த அழுத்தத்தைப் பரிசோதித்து நோயாளிக்குச் சொல்வதன் மூலமே பெற்றிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வகாத்சுகி சொன்ன "தெரியாமல் இருக்கும்" வகை அமெரிக்காவிலும் இருந்தது.

பரிசோதனை எப்போதும் நல்லதா?

இதைப் படித்ததும், அப்படியானால் எல்லாவற்றையும் எல்லோருக்கும் பரிசோதித்து விடலாமே என்று தோன்றும். ஜப்பான் அதையும் செய்து பார்த்தது. பின் விளைவுகள் கசப்பாகவே இருந்தன.

குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயைச் சிறுநீர்ப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். 1980களின் நடுவில் ஜப்பான் ஆறு மாதக் குழந்தைகள் அனைவருக்கும் இதைச் செய்யத் தொடங்கியது. நிறையக் கட்டிகள் அகப்பட்டன. ஆனால் அவற்றில் பல, விட்டிருந்தால் தானாகவே கரைந்து போயிருக்கக் கூடியவை. கனடாவிலும் ஜெர்மனியிலும் நடந்து 2002ல் வெளியான ஆய்வுகள், இந்தப் பரிசோதனை இறப்பைக் குறைக்கவில்லை என்று காட்டின. 2003ல் ஜப்பான் அரசு இதை நிறுத்த முடிவு செய்தது. தேவையே இல்லாமல் எத்தனை பச்சிளங்குழந்தைகள் கத்திக்கும் மருந்துக்கும் ஆளானார்கள் என்று எண்ணினால் மனம் கனக்கிறது.

2008ல் 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு வேறொரு பரிசோதனை வந்தது. இடுப்பளவு ஆணுக்கு 85 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டினால், மற்ற அளவுகளையும் பார்த்து, ஆலோசனைக்கு அனுப்புவார்கள். ஆண்களிடையே இதன் பலனை அளந்து 2020ல் வெளியான ஆய்வில், எடை மிகச் சிறிதளவே குறைந்தது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் குறிப்பிடும்படி மாறவில்லை என்று தெரிந்தது. பல நாடுகளின் சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு 2012லும் மீண்டும் 2019லும் இதையே சொன்னது: பொதுவான உடல் பரிசோதனை மொத்த இறப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் யாச்சிஹோ காலத்து ரத்த அழுத்தப் பரிசோதனையின் கதை வேறு. 1951 முதல் 1980 வரை ஜப்பானியரின் இறப்புக்கு முதல் காரணம் பக்கவாதம். வடக்கே அகிதா மாகாணத்தில் இகாவா என்ற ஊரில் 1960களில் தொடங்கி ரத்த அழுத்தத்தைக் கண்டுபிடித்து, சிகிச்சை கொடுத்து, உணவுப் பழக்கத்தை மாற்றி, தொடர்ந்து கவனித்தார்கள். இந்த அளவுக்குச் செய்யாத பக்கத்து ஊரை விட அங்கே ஆண்களிடையே பக்கவாதம் அதிகமாகக் குறைந்தது. 1981ல் நாடு முழுவதும் பக்கவாதம் முதலிடத்தை இழந்தது. உப்பு குறைந்தது, வீடு சூடானது, சாப்பாடு மேம்பட்டது எல்லாம் இதில் சேரும் என்பதை மறுக்க முடியாது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? ரத்தக் கொதிப்பு பரவலாக இருந்தது, கண்டுபிடிக்க ஒரு எளிய கருவி போதும், கண்டுபிடித்ததும் கொடுக்க மருந்து இருந்தது, கொடுக்க ஆளும் இருந்தார். குழந்தைகளின் கட்டியில் எதைத் தொட வேண்டும், எதை விட வேண்டும் என்பதே தெரியவில்லை. இடுப்பளவு விஷயத்தில் கண்டுபிடித்த பிறகு கொடுத்தது அறிவுரை மட்டுமே.

முடிவாக

கட்டணம் செலவைக் குறைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆரோக்கியமாகவும் வசதியாகவும் உள்ளவருக்கு அதனால் பெரிய கேடும் இல்லை. ஆனால் பணமில்லாத நோயாளியை, "பொறுத்துக் கொள்ளும்" அந்த விவசாயியை, அது வீட்டிலேயே உட்கார வைக்கும். எனவே கட்டணம் வைக்கும் நாடு, யாரிடம் வாங்கக் கூடாது, எந்த அளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஜப்பானில் ஒரு மாதத்தில் நோயாளி கட்டக் கூடிய தொகைக்கு உச்சவரம்பு வைக்கும் முறை 1973லேயே வந்தது. 2022 அக்டோபரில் 75 வயது தாண்டியவர்களில் ஓரளவு வருமானம் உள்ளவர்களின் பங்கு 10லிருந்து 20 சதவீதமானது. 2025 மார்ச்சில் மாத உச்சவரம்பை உயர்த்தும் திட்டத்தை, நீண்டகால நோயாளிகளின் எதிர்ப்புக்குப் பிறகு, அரசு நிறுத்தி வைத்தது. அறுபது ஆண்டுகள் கழித்தும் கவுண்ட்டர் சண்டை ஓயவில்லை.

பரிசோதனைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கண்டுபிடித்த பிறகு என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்விக்குப் பதில் இருக்கும் நோய்களை மட்டும் தேட வேண்டும். அந்தப் பதில், பரிசோதிக்கப்படுபவரின் கைக்கு எட்டும் தூரத்திலும் விலையிலும் இருக்க வேண்டும். ரத்தக் கொதிப்பு என்று சீட்டில் எழுதிக் கொடுத்து விட்டு, மருந்துக்குப் பாதிப் பணம் கட்டு என்றால் அந்தச் சீட்டால் யாருக்கு லாபம்?

சவாவுச்சியின் தலைவர் முதலில் வாங்கியது புல்டோசர். யாச்சிஹோவின் மருத்துவர் முதலில் போட்டது நாடகம். கட்டணம், இலவசம், பரிசோதனை என்ற வாதமெல்லாம் அதற்குப் பிறகுதான். நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் எது தடையாக நிற்கிறது என்று அவர்கள் முதலில் பார்த்தார்கள். பொது மருத்துவத்தைச் சீர்திருத்த நினைக்கும் எந்த அரசும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.